இருப்புப் பதிவேடு

கூட்டம் பத்தரைக்கு என்று அச்சடித்திருந்தது.
பதினொன்று இருபதுக்கு மணி அடித்தார்கள்.
தமிழ்த்தாய் வாழ்த்து, ஒரு குறள்,
மறைந்த முன்னாள் உறுப்பினருக்கு ஒரு நிமிடம்.
அந்த ஒரு நிமிடம்தான்
தல்லாகுளத்து மன்றக் கூடத்தில்
மின்விசிறிகள் பேசியது கேட்டது.

நான் நடவடிக்கைக் குறிப்பு எழுதுகிறவன்.
பேசியதை எழுதுவதல்ல என் வேலை,
பேசியதில் நின்றதை எழுதுவது.
"வாக்குவாதம் நடைபெற்றது"
என்ற இரண்டு சொல்லுக்குள்
ஒரு மைக் உடைந்ததையும்
மூன்று தலைமுறை ஏச்சையும்
மடித்து வைக்கத் தெரிந்தவன்.

பொருள் எண் ஒன்பது:
நுழைவாயில் வளைவுக்கு வண்ண விளக்கு. ஏகமனதாக.
பொருள் எண் பதினான்கு:
பூங்காவில் நீரூற்று, பாட்டுக்கு ஆடும் வகை. ஏகமனதாக.
பொருள் எண் இருபத்திரண்டு: தெருநாய்.
அதற்கு நாற்பது நிமிடம்.
ஆளுக்கொரு கடி, ஆளுக்கொரு கதை.
அன்றைக்குத்தான் எதிர்த்தரப்பு சொன்னதை
இந்தத் தரப்பு உட்கார்ந்து கேட்டது.

அறுபதைத் தாண்டும்போது
கீழேயிருந்து தாளித்த வாசம் ஏறிவந்தது.
"அறுபத்தொன்று முதல் எண்பத்துமூன்று வரை
மொத்தமாக" என்றார்கள்.
மேசைகள் தட்டின.
அறுபத்தேழில்
செல்லூர்ப் பக்கத்துச் சந்து ஒன்றுக்குக்
குடிநீர்க் குழாய் மாற்றுவது இருந்தது,
"நிதி நிலைமைக்கு ஏற்ப" என்ற வாலோடு,
ஆறாவது கூட்டமாக.

நூர்ஜமீலா எழுந்தார்.
அவர் வரிசை மைக் வேலை செய்யாது,
அதற்கும் ஒரு தீர்மானம் நிலுவையில் இருக்கிறது.
நடந்து வந்தார்.
மேயர் மேசையைத் தாண்டி
என் மேசையில் வைத்தார்
ஒரு லிட்டர் பாட்டிலை.
கலக்கிய டீத்தூள் நிறம்.

"காலையில நாலரைக்கு வந்த தண்ணி, சார்.
பிரசவமாகி ஒம்பது நாள் ஆன வீட்டுப் பைப்பு.
இதையும் எழுதிக்கங்க."

எழுத இடமில்லை.
நிறைவேறிய பொருள்மீது பேச்சு கிடையாது.
கேள்வி என்றால்
முன்கூட்டியே எழுத்தில் தந்திருக்க வேண்டும்.
தேசிய கீதம் போட்டார்கள்.
எல்லோரும் நின்றோம்.
பாட்டிலும் நின்றது.

சாயங்காலம் கூட்டிப் பெருக்க வந்த மாரிக்கண்ணு
"இத கொட்டிறவா சார்?" என்றாள்.
அப்போதுதான் பார்த்தேன்.
மண் அடியில் உட்கார்ந்துவிட்டது.
மேலே நாலு விரற்கடை
கண்ணாடி மாதிரித் தெளிவு.
ஆட்டாமல் ஊற்றினால்
ஆணையாளருக்கே கொடுக்கலாம்.

எனக்குப் பின்னால் அலமாரியில்
இருபத்தாறு வருஷக் குறிப்பேடுகள்
அப்படித்தான் நிற்கின்றன,
யாரும் ஆட்டாமல்.

"கொட்டாத" என்றேன்.
நடவடிக்கைக் குறிப்பை மூடிவிட்டு
பச்சை அட்டைப் பதிவேட்டை எடுத்தேன்.
கோந்து, ஸ்டேப்ளர், முத்திரை மை,
கால் ஒடிந்த ஸ்டூல் இரண்டு.
அதற்குக் கீழே

வரிசை எண் 212.
பிளாஸ்டிக் பாட்டில், ஒன்று.
உள்ளே: மாநகராட்சிக் குடிநீர்.
பெற்ற விதம்: மாமன்ற உறுப்பினர் மூலம்.
தற்போதைய நிலை: உபயோகத்தில் உள்ளது.

தீர்மானத்தை மறக்கலாம்,
இருப்பில் ஏறியதை மறக்க முடியாது.
மார்ச்சில் தணிக்கை வருவார்கள்.
ஸ்டூலின் ஒடிந்த காலைக்கூடக் கேட்கிறவர்கள்.
212 எங்கே என்பார்கள், எடுத்துக் காட்ட வேண்டும்.
கழித்துக்கட்ட வேண்டுமென்றால்
மூன்று கையெழுத்து வேண்டும்,
கையெழுத்துக்கு மேலே
காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது.

மாரிக்கண்ணு துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு
என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"எங்க வீட்டுத் தண்ணியும்
ஒரு பாட்டில் கொண்டாரவா சார்?"

எந்த வார்டு என்று கேட்டேன்.
213 என்று போட்டு
பக்கத்தில் இடம் விட்டேன்.